சர்க்காருக்கு எடுத்து வைத்த தண்ணீர்

ஓசூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் காலை நடைக்கு ஒரு கூட்டம் உண்டு. பாதிப் பேர் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நாலு சுற்று நடப்பார்கள், நாற்பது விஷயம் பேசுவார்கள். போன வாரம் எங்கோ ஒரு நாட்டின் அரசாங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. எந்தக் காலத்திலோ தன் மக்களில் ஒரு பிரிவுக்குச் செய்த அநியாயத்துக்காக அது சபையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டதாம். மூன்றாவது மாடிக்காரர் சிரித்தார். "செஞ்சவனும் செத்துட்டான், பட்டவனும் செத்துட்டான். இப்ப நாற்காலியில இருக்கறவன் எதுக்குங்க தலை குனியணும்? யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார்.

நான் வாய்க்காரி. லிஃப்ட் நின்றுபோனால் கூட முதலில் சண்டைக்குப் போகிறவள். அன்று ஒன்றும் பேசவில்லை. "டீச்சரம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மாடியேறி வந்தேன். அலமாரியிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அது என் நைனாவின் சொம்பு. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், அப்பாவை நைனா என்போம். கல் உடைக்கிற இடத்தில் மேஸ்திரியோடு கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எதை எந்த மொழியில் பேசினோம் என்று இப்போது பிரித்துச் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவில், தார் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே, ஒரு பாறைக் குன்றின் அடியில் எங்கள் சனம் இருபது வீடு இருந்தது. எல்லாரும் கல் உடைக்கிறவர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சட்டம் வந்து, எங்கள் சனத்தில் பிறந்தவன் பிறப்பிலேயே திருடன் என்று எழுதிவிட்டது. எங்கள் ஆட்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். மீசை முளைத்ததும் ஒவ்வொருவனும் போய்ப் பத்து விரலையும் மையில் தோய்த்து வைக்க வேண்டும். அதன் பிறகு தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஊர்ச் சாவடிக்குப் போய் ஆஜர் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். விடிந்த பிறகுதான் வீடு. வேறு ஊருக்குப் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் ஜெயில்.

என் எட்டு வயது வரை நானும் நைனாவும் ஓர் இரவு கூட ஒரே கூரையின் கீழ் படுத்ததில்லை. அவர் குறட்டை விடுவாரா என்பதே எனக்குத் தெரியாது. சாயங்காலம் களி கிண்டி முடிப்பதற்குள் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுவிடுவார். அம்மா அவசர அவசரமாக ஒரு உருண்டையைத் தட்டில் வைப்பாள். நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போவார். அந்த நின்றுகொண்டு தின்கிற முதுகுதான் என் சின்ன வயசு நைனா.

இதையெல்லாம் கூட அவர் பெரிதாகச் சொல்ல மாட்டார். சொல்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய தாயார் மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அருகே, இன்னொரு மகன் வீட்டில் இருந்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் இறந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். நைனா சீட்டு வாங்க ஓடினார். சீட்டுக் கொடுக்கிறவர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார், வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பிணம் இரண்டு நாள் தாங்குமா? நைனா குறுக்குவழியில் நடந்து எல்லையைத் தாண்டிப் போய், தாய்க்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வந்த வழியில் பிடித்துக்கொண்டார்கள். ஆஜர் தப்பியதற்காக மூன்று மாதம் உள்ளே இருந்தார்.

"களவாண்டு உள்ள போனாக்கூட ஆறிப்போயிருக்கும். பெத்தவளுக்கு மண்ணு போட்டதுக்குப் போனேன்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உயராது.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேல் அபாண்டமாகப் பழி போட்டு, பிறகு அது பொய் என்று தெரிந்தால், பழி போட்டவர் அந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டும். உள்ளே வரக் கூடாது. வாசற்படிக்கு வெளியே நின்று "தண்ணி குடு" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சொம்பில் தண்ணீர் கொண்டு வருவார். வந்தவர் பாதி குடித்துவிட்டு நீட்டுவார், மீதியை வீட்டுக்காரர் குடிப்பார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

ஒரு தடவை எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, தன் பெட்டைக்கோழியை எங்கள் அம்மாதான் அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள் என்று வீதியில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். இருபத்தோராம் நாள் அந்தக் கோழி பாறை இடுக்கிலிருந்து ஒன்பது குஞ்சுகளோடு ஊர்வலமாக வந்து சேர்ந்தது. அத்தை முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எங்கள் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டாள். அம்மா வேண்டுமென்றே சொம்பைத் தேய்த்துக் கழுவி, ஆற அமர நிரப்பி, நல்ல வெயிலில் அவளைக் காக்க வைத்துத்தான் கொடுத்தாள். மறுநாள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் போன நாளும் நினைவிருக்கிறது. சாயங்காலம் போன நைனா, விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். அம்மா பயந்துபோய், "என்னா ஆச்சு?" என்றாள்.

"இனிமேட்டு வர வேணாமாம். சட்டத்த எடுத்துட்டாங்களாம்."

அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நைனா மட்டும் யோசனையாக நின்றார். "ஏன் எடுத்தாங்கன்னு கேட்டேன். சர்க்கார் எடுத்துட்டுது, போடான்னாங்க. தப்பு இல்லேன்னா ஏன் எடுக்கணும்? தப்புன்னா, வந்து தண்ணி கேக்கணுமில்ல?"

அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் இந்தச் சொம்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். தண்ணீர் நிரப்பி, ஒரு மண் ஓட்டால் மூடி, வாசற்படியின் உள்பக்கம் வைத்தார். தினமும் பழைய தண்ணீரை அவரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார். நாங்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. விளையாடி ஓடி வந்து கை வைத்தால், "அது சர்க்காருக்கு எடுத்து வெச்சது. உள்ள பானையில போய்க் குடி" என்பாள் அம்மா. அவள் அதைக் கேலியாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். நாளாக ஆக அதுவே அதன் பெயராகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மணியக்காரருடைய ஆள் கூட வீதி முனையில் நின்று கூப்பிடுவானே தவிர வாசலுக்கு வர மாட்டான். முதல் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர் வாசல் வரை வந்தார், கையும் கூப்பினார். நைனா குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டு நின்றார். வந்தவர் தன் காரிலிருந்து சோடா வரவழைத்துக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். "இவரு வேற வேலையா வந்திருக்காரு" என்று நைனா சொம்பைப் பழைய இடத்தில் வைத்தார்.

வருஷங்கள் போயின. சட்டம் போய்விட்டது, ஆனால் நைனா மட்டும் எங்கேயும் போகவில்லை. சர்க்கார் தன்னைப் பொழுது சாய்கிற நேரத்தில்தானே கூப்பிட்டது, அதனால் அந்த நேரத்தில்தான் வரும் என்று எப்படியோ அவர் மனத்தில் பதிந்துவிட்டது. கல் உடைத்துவிட்டு நாலு மணிக்கெல்லாம் வந்து, குளித்து, வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிடுவார். ஓசூரில் தேர் என்றால் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் மட்டும் போக மாட்டோம். ஆனேக்கலில் சித்தப்பா வீட்டில் கல்யாணம் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இல்லாத நேரமாப் பாத்து அவங்க வந்துட்டா?" என்றார். தன் தாயைப் புதைத்த இடத்தையும் அவர் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். என் கூடப் படித்த பெண்களின் அப்பாக்கள் சந்தைக்குக் கூட்டிப் போய்ப் பொரி வாங்கித் தருவார்கள். என் அப்பா சொம்புக்குக் காவல்.

நான் எட்டாம் வகுப்பு முடித்த சித்திரையில், காலில் கல் விழுந்து நைனா நாலு நாள் வீட்டில் இருந்தார். அப்போது மலேரியாவுக்கு மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி, ஒரு வாளி, ஒரு பம்பு. சட்டி பானையை எல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிச் சுவர் பூராவும் வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். தெற்கத்திப் பேச்சு. எங்கள் சனம் யார், என்ன என்று அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. அடித்து முடித்து வெளியே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரீயளாய்யா? நாக்கு ஒட்டிப் போச்சு" என்றார்.

நைனா கட்டுப் போட்ட காலோடு எழுந்தார். பானைகளோடு வெளியே எடுத்து வைத்திருந்த அந்தச் சொம்பை இரண்டு கையாலும் தூக்கினார். அந்தப் பிள்ளை அண்ணாந்து கடகடவென்று பாதியைக் குடித்தது. வயிறு நிறைந்துவிட்டது போல, போதும் என்று நீட்டியது. நைனா மீதியைக் குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வந்தவர் கொஞ்சம் விழித்துவிட்டு, காவிக் குச்சியால் எங்கள் கதவில் தேதியும் ஏதோ இரண்டு எழுத்தும் எழுதிவிட்டுப் போனார். எல்லார் வீட்டுக் கதவிலும்தான் எழுதினார். நைனா எங்கள் கதவை மட்டும்தான் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவர் வாசலில் உட்காரவில்லை. பின்பக்கம் போய் அம்மாவோடு அவரைக்காய் பறித்தார். சொம்பை உள்ளே கொண்டுபோய்ப் பரணில் கவிழ்த்தார்.

நான் அம்மாவிடம், "அவரு தாகத்துக்குக் குடிச்சாரும்மா" என்றேன்.

"குடிச்சாரா இல்லியா? குடிச்சாரு. காக்கிச் சட்ட போட்டவரு வாசலுக்கு வந்து தண்ணி கேட்டுக் குடிச்சாரு. வாயப் பொத்திக்கிட்டுக் கெட" என்றாள் அம்மா.

பிறகு வந்த எட்டு ஒன்பது மாதங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுத்தே ஓடுவதில்லை. நைனாவோடு சந்தைக்குப் போனேன். ஒரு படி பொரியும் சிவப்பு ரிப்பனும் வாங்கித் தந்தார். மூன்று பேருமாக ஆனேக்கல் போனோம். சித்தப்பா வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். வழியெல்லாம் எந்த மரத்தடியில் ஒளிந்தார், எந்த ஓடையில் தண்ணீர் குடித்தார் என்று கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தாயைப் புதைத்த இடத்தில் எருக்கஞ்செடி மண்டிக் கிடந்தது. அவர் அதைப் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டு, "வந்துட்டுப் போய்ட்டாங்கம்மா" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஊருக்குப் போய்ப் பரீட்சைக்குப் படிக்க வேண்டுமே என்று இருந்தது. அந்தப் பயணத்தைத் திரும்ப ஒரு தடவை போக முடியுமென்றால், நான் அதற்குப் பிறகு படித்த படிப்பையெல்லாம் கொடுத்துவிடுவேன்.

தைப்பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கதவையும் தேய்த்துக் கழுவலாம் என்று ஈரத் துணியை எடுத்தேன். நைனா பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். "அத அழிக்காத!" என்று கத்தினார். பிறந்ததிலிருந்து அவர் என் மேல் கை வைத்ததில்லை. பக்கத்து வீட்டு அத்தையும் அவள் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானம் தலைக்கு ஏறியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறோம், நமக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் வேறு.

"அது கொசு மருந்து அடிச்ச தேதி நைனா! எல்லா வீட்டுக் கதவிலயும் எழுதிருக்குது, போய்ப் பாரு. அந்தாளு தாகத்துக்குக் குடிச்சான். சர்க்காருக்கு நீ யாருன்னே தெரியாது!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "அப்பிடியா?" என்று கேட்டார். சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார், கோபமே இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே துணியை வாங்கி அந்த எழுத்தைத் துடைத்தார்.

மறுநாள் விடியற்காலையில் சொம்பு பரணிலிருந்து இறங்கிவிட்டது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டுத்தான் நான் விழித்தேன். அன்றைக்கு நாலு மணிக்கு அவர் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூடம் முடித்து, சேலத்தில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். விடுதியில் படுத்துக்கொண்டு, அன்று கதவருகே நைனாவிடம் கத்தியதற்குச் செய்ய வேண்டியது என்ன என்று தெளிவாகவே யோசித்து வைத்திருந்தேன். எங்கள் வழக்கம் எனக்குத் தெரியாதா? வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டும், இரண்டே வார்த்தை கேட்க வேண்டும். ஆனால் பெற்ற மகள் தன் வீட்டு வாசலில் அந்நிய ஆள் மாதிரி எப்படி நிற்பது என்று கூச்சமாக இருந்தது. அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிப் போட்டேன்.

இரண்டாம் வருஷம் கோடை விடுமுறைக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்றேன். நைனா கல்லில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். படிக்கு உள்ளே சொம்பு ஓட்டால் மூடியபடி இருந்தது. நான் ஏன் உள்ளே போகாமல் நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்று வரை நினைக்கிறேன். என்னையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாகமா இருக்குதா அம்மாடி?" என்று கேட்டார்.

தொண்டை வறண்டு காந்தியது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மா, "வெயில்ல நின்னுக்கிட்டு என்னா பேச்சு? உள்ள வா" என்று கூப்பிட்டாள்.

"இல்ல நைனா" என்று சொல்லிவிட்டு, சொம்பைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். பானைத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தேன்.

அந்த ஐப்பசியில் தந்தி வந்தது. நான் வந்து சேர்வதற்குள் நைனாவை எடுத்துவிட்டார்கள். வாசலில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் கடைசியாகப் பிடித்து வைத்தது. அம்மா அதை அவரைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சொம்பை என் கையில் கொடுத்தாள்.

மூன்றாவது மாடிக்காரருக்கு நாளைக்குப் பதில் சொல்வேன். செய்தவனே வர வேண்டும் என்று என் நைனா கேட்கவில்லை. அந்தத் தெற்கத்திப் பிள்ளை எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, சட்டம் எழுதிய காலத்தில் பிறந்திருக்கவும் மாட்டார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று குடித்தார், அதுவே நைனாவுக்கு ஆனேக்கல் வரை போய்வரக் கால் கொடுத்தது. அதனால் வரத்தான் வேண்டும். எவ்வளவு தாமதமானாலும், வருகிறவர் யாராக இருந்தாலும், யாரிடம் எதற்காக வந்தோம் என்று தெரிந்து வர வேண்டும். பட்டவன் செத்துப்போனால், அவன் தண்ணீர் பிடித்து வைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் இருக்கிறோம்.

இதையெல்லாம் சொல்லிவிடுவேன், நான் வாய்க்காரி. ஆனால் சர்க்கார் ஏன் வரவில்லை என்று மட்டும் என்னால் கேட்க முடியாது. சர்க்காருக்காவது அவர் யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும். வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். தாகமா என்று அவரே கேட்கவும் செய்தார்.

இருக்குது நைனா. தண்ணி குடு.